பிள்ளையை இல்லத்தில் சேர்க்கும் முன்: மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு பெறும் வழி

என் தங்கையின் கணவர் இறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்காது. துக்கம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், "மூத்தவனை ஏதாவது ஓர் இல்லத்தில் சேர்த்துவிடலாமே, சாப்பாடும் படிப்பும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் பத்து வயதுப் பையன் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றிரவு பள்ளிப் பையைத் தலைமாட்டில் வைத்து, அதன் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கினான். விடிவதற்குள் யாராவது தன்னைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறான்.

வீட்டில் பணம் இல்லை என்பதற்காகப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. குழந்தை வீட்டிலேயே இருந்து படிக்க, மாதம் 4,000 ரூபாய் தரும் ஏற்பாடு இருக்கிறது. எங்களுக்கு அது கிடைக்கப் பதினொரு மாதங்கள் ஆயின. அதில் ஐந்து மாதங்கள் விவரம் தெரியாததால் வீணானவை. தமிழ்நாட்டில் இதே நிலையில் இருப்பவர்களுக்கு அந்த ஐந்து மாதங்களாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. பெயரைச் சரியாகச் சொல்லிக் கேளுங்கள்

நாங்கள் முதலில் போன அலுவலகங்களில் எல்லாம் "குழந்தைகளுக்கு ஏதாவது உதவி கிடைக்குமா?" என்றுதான் கேட்டோம். ஒருவர் உதவித்தொகை என்று நினைத்துப் பள்ளிக்கு அனுப்பினார், இன்னொருவர் விதவை ஓய்வூதியம் என்று நினைத்துத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பினார். யாரும் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட கேள்விக்கு அவரவருக்குத் தெரிந்த பதிலைச் சொன்னார்கள்.

கேட்க வேண்டிய சொல் "நிதி ஆதரவு". ஸ்பான்சர்ஷிப் என்றாலும் புரியும். திட்டத்தின் பெயர் மிஷன் வாத்சல்யா. போக வேண்டிய இடம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஒவ்வொரு மாவட்டத்திலும் இது இருக்கிறது. பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ அதற்கு அருகிலோ இருக்கும். இடம் தெரியாவிட்டால் 1098 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள். குழந்தையை யாராவது அடித்தால் மட்டுமே அழைக்க வேண்டிய எண் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆதரவில்லாமல் தவிக்கும் குடும்பமும் அழைக்கலாம்.

2. உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமா?

தாய் விதவையாகவோ, விவாகரத்து ஆனவராகவோ, குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால் பொருந்தும். பெற்றோர் இருவரையும் இழந்து தாத்தா பாட்டி, அத்தை, மாமா போன்ற உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கும் பொருந்தும். பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில் கிடந்தாலோ, விபத்தில் முடங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தாலோ விண்ணப்பிக்கலாம். குழந்தைத் தொழிலாளராக இருந்து மீட்கப்பட்ட குழந்தை, குழந்தைத் திருமணத்துக்கு ஆளான சிறுமி, எச்.ஐ.வி. பாதிப்புள்ள குழந்தை போன்றவர்களும் இதில் வருவார்கள். வயது 18க்குள் இருக்க வேண்டும்.

வருமான வரம்பைக் கவனியுங்கள். கிராமப்புறம் என்றால் ஆண்டுக்கு 72,000 ரூபாய், நகர்ப்புறம் என்றால் 96,000 ரூபாய். மாதக் கணக்கில் 6,000 ரூபாயும் 8,000 ரூபாயும். நாங்கள் இங்கே ஒரு தவறு செய்தோம். தங்கை நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள், தையல் வேலையில் மாதம் ஏழாயிரம் கிடைக்கும். ஆனால் அவளுடைய ஆதாரில் மாமியார் ஊரின் கிராம முகவரியே இருந்தது. அந்த முகவரியை வைத்துப் பார்த்தால் வரம்பைத் தாண்டிவிடுகிறாள், இருக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் தாண்டவில்லை. எங்கே வசிக்கிறீர்களோ அந்த முகவரிக்கு முதலில் ஆதாரை மாற்றிக்கொள்ளுங்கள். குடும்ப அட்டை, வருமானச் சான்றிதழ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

3. சான்றிதழ்களை இந்த வரிசையில் வாங்குங்கள்

ஒரு சான்றிதழ் இருந்தால்தான் அடுத்தது கிடைக்கும். அதனால் வரிசை மாறினால் ஒரே அலுவலகத்துக்கு மூன்று முறை நடக்க நேரும்.

முதலில் இறப்புச் சான்றிதழ். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்திருந்தால் 21 நாட்களுக்குள் நீங்கள்தான் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் செய்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியரிடம் உத்தரவு வாங்க வேண்டிவரும், அதிலேயே மாதங்கள் போய்விடும். துக்க வீட்டில் இதை யாரும் நினைப்பதில்லை. அருகில் இருக்கும் யாராவது ஒருவர் நினைவில் வைத்துச் செய்துவிடுங்கள்.

அடுத்து குடும்ப அட்டை. இறந்தவர் பெயரை நீக்கி, தாயைக் குடும்பத் தலைவராக மாற்றுங்கள். அட்டையில் இறந்தவரே தலைவராக இருந்தால் பின்னால் ஒவ்வொரு மேசையிலும் கேள்வி வரும்.

மூன்றாவது வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக மேலே போகும். விண்ணப்பித்துவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து, வேலை என்ன, மாதம் எவ்வளவு வருகிறது, வாடகை எவ்வளவு என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கணவர் உயிரோடு இருந்தபோது வாங்கிய பழைய சான்றிதழைக் கொண்டுபோனோம், செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். தாயின் பெயரில், இப்போதைய வருமானத்துக்கு, புதிதாக வாங்க வேண்டும். இந்தச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். கையில் கிடைத்ததும் முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சில இடங்களில் ஆதரவற்ற விதவைச் சான்றிதழும் கேட்பார்கள். கணவர் விட்டுவிட்டுப் போயிருந்தால் கணவரால் கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழ் வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பு கையில் இல்லையே என்று பின்வாங்கிவிடாதீர்கள், இந்தச் சான்றிதழ் அதற்காகவே இருக்கிறது. இரண்டையும் இ-சேவை வழியாகவே கேட்கலாம், கட்டணம் அதே 60 ரூபாய்.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியில் படிப்பதற்கான சான்று, தாயும் குழந்தையும் சேர்ந்து நிற்கும் புகைப்படம் ஆகியவற்றையும் எடுத்துவையுங்கள். படிப்புச் சான்றைத் தலைமையாசிரியர் பள்ளி முத்திரையுடன் எழுதித் தருவார். நோய் காரணமாக விண்ணப்பிப்பவர்கள் அரசு மருத்துவமனையின் மருத்துவச் சான்றை வைக்க வேண்டும்.

4. இனிஷியல் ஓர் எழுத்து மாறினாலும் நின்றுபோகும்

எங்களுக்கு அதிக நாட்களைத் தின்றது இதுதான். பையனின் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் முழுப் பெயர் இருந்தது. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருந்தது. பள்ளிப் பதிவேட்டில் முன்னால் இருந்தது. வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. நான்கும் ஒரே பையன்தான் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

எல்லா ஆவணங்களையும் ஒரே மேசையில் பரப்பி, பெயர், இனிஷியல், பிறந்த தேதி, தந்தை பெயர் ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும். மாறியிருப்பதை விண்ணப்பிக்கும் முன்பே திருத்துங்கள். பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவதும், ஆதாரை வைத்து மற்றவற்றைத் திருத்துவதும் எளிது.

வங்கிக் கணக்கு குழந்தையின் பெயரில், தாயோ காப்பாளரோ இயக்கும்படி இருக்க வேண்டும். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத கணக்காகக் கேளுங்கள். இல்லையென்றால் வரும் உதவியில் வங்கி அபராதம் பிடித்துக்கொள்ளும். கணக்குத் திறந்தபின் இன்னொரு வேலையும் இருக்கிறது: அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம் வருவதற்கு ஆதாரை அந்தக் கணக்கோடு இணைத்திருக்கிறார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். கணக்குத் திறக்கும்போது ஆதார் நகல் வாங்குவது வேறு, இந்த இணைப்பு வேறு. வங்கியில் "எல்லாம் முடிந்தது" என்று சொன்னதை நம்பி நாங்கள் வந்துவிட்டோம், கடைசியில் முதல் தவணை அதனால்தான் தாமதமானது.

5. மனு கொடுக்கும் நாள்

மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பப் படிவம் இலவசமாகத் தருவார்கள். மூலச் சான்றிதழ்களைக் காட்டுங்கள், நகல்களை மட்டும் கொடுங்கள். மூலத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பிறகு படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். இரண்டு செட் நகல் எடுங்கள், ஒன்று உங்களிடம் இருக்கட்டும். அந்த நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

இரண்டு குழந்தைகள் இருந்தால் இருவருக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி ஆவணக் கட்டு. உதவித் தொகை குழந்தை ஒருவருக்கு இவ்வளவு என்ற கணக்குதான். நாங்கள் முதலில் மூத்தவனுக்கு மட்டும் கொடுத்தோம். இளையவளுக்கு மறுபடி முதலிலிருந்து அலைந்தோம்.

மனுவை வாங்க மறுத்தாலோ, மாதக்கணக்கில் பதில் இல்லாவிட்டாலோ, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள். அங்கே மனுவுக்கு எண் தருவார்கள். அந்த எண்ணுடன் போய் விசாரித்தால் பதில் கிடைக்கும்.

முடித்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த உதவிக்கு எந்தக் கட்டத்திலும் கட்டணம் இல்லை. எங்களிடமும் ஒருவர் இரண்டாயிரம் கேட்டார். தங்கை தன் கம்மலை அடகு வைக்கவே எழுந்துவிட்டாள். நான் தடுக்காவிட்டால் அது போயிருக்கும்.

6. வீட்டுக்கு ஆய்வுக்கு வரும்போது

விண்ணப்பத்துக்குப் பிறகு சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார். குடும்ப நிலையைப் பார்த்து அறிக்கை எழுதுவார். இந்த அறிக்கைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பலர் இந்த நாளை நினைத்துப் பயப்படுகிறார்கள், சிலர் அண்டை வீட்டார் பேச்சைக் கேட்டு டிவியை எடுத்து மறைத்துவைக்கிறார்கள். அதெல்லாம் தேவையே இல்லை. டிவி இருக்கிறதா என்று பார்க்க அவர் வரவில்லை. குழந்தை இங்கே பாதுகாப்பாக வளர முடியுமா, பணம் வந்தால் அது குழந்தைக்குப் போய்ச் சேருமா என்பதைப் பார்க்கத்தான் வருகிறார்.

எங்கள் வீட்டுக்கு வந்த பெண் ஒரு நாற்காலியில்கூட உட்காரவில்லை. பையனோடு தரையில் உட்கார்ந்து கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டினார். "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார். "பள்ளியில் சாப்பிட்டேன்" என்றான். பிறகு தானாகவே எழுந்துபோய், சுவரோரம் சாய்த்துவைத்திருந்த அப்பாவின் சைக்கிளைக் காட்டி, "கால் எட்டினதும் நான் ஓட்டுவேன்" என்றான். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

பிள்ளைக்கு எதையும் சொல்லிக்கொடுத்துப் பேசவைக்காதீர்கள். கடன் இருந்தால் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி என்று சொல்லுங்கள். குடும்பத்தில் குடியோ அடியோ இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் உதவி கிடைப்பது எளிதாகாது, குழந்தைக்கு வேண்டிய பாதுகாப்புதான் கிடைக்காமல் போகும். பிள்ளை இரவில் அழுகிறான், பேசுவதே இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணையும் அழைக்கலாம், அதுவும் இலவசம்.

7. குழந்தைகள் நலக்குழு முன்பாக

வீட்டு ஆய்வுக்குப் பிறகு போக வேண்டிய இடம் குழந்தைகள் நலக்குழு. குழந்தை யாருடைய பராமரிப்பில் இருக்கலாம் என்று முடிவு செய்யும் குழு இது, ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். மாதத்தில் குறைந்தது 20 நாட்கள் கூட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எந்த நாள், எத்தனை மணி என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். குழந்தையையும் அழைத்துப் போக வேண்டும், பள்ளிக்கு விடுப்புக் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

குழு என்ற சொல்லைக் கேட்டதும் தங்கை நடுங்கினாள், பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டுவிடுவார்களோ என்ற பயம். அப்படி எதுவும் நடக்கவில்லை. மேசைக்கு எதிரே உட்காரவைத்துப் பேசினார்கள், பையனிடம் தனியாகவும் பேசினார்கள். "உனக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று கேட்டதற்கு, "அம்மாவிடம்" என்றிருக்கிறான். வெளியே வந்து, "பெரியம்மா, நான் வீட்டிலேயே இருக்கலாம் என்று எழுதிவிட்டார்கள்" என்று என் காதில் சொன்னான்.

பெற்றோர் இருவரும் இல்லாமல் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகளுக்கு இந்தக் கட்டம் மிக முக்கியம். குழந்தை உங்கள் பராமரிப்பில் இருக்கிறது என்பதற்கு எழுத்துப்பூர்வமான உத்தரவு கேளுங்கள். வங்கிக்கும் பள்ளிக்கும் அது பயன்படும். சொத்துத் தகராறு, காப்பாளர் உரிமை போன்ற சட்டச் சிக்கல் இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள். தொலைபேசி எண் 15100.

8. எவ்வளவு நாள், எவ்வளவு செலவு?

நலக்குழுவுக்குப் பிறகு கோப்பு மாவட்ட ஒப்புதல் குழுவுக்குப் போகும், அங்கே ஒப்புதல் கிடைத்தபின் பணம் கணக்கில் வரும். எங்களுக்குச் சான்றிதழ்கள் சரியாக அமைந்த பிறகு ஆய்வுக்கு ஒரு மாதமும், நலக்குழுவுக்கு மூன்று வாரமும், ஒப்புதலுக்கும் முதல் தவணைக்கும் நான்கு மாதங்களும் ஆயின. பணம் மாதந்தவறாமல் வரும் என்று வாடகையையோ கடன் தவணையையோ அதை நம்பி வைக்காதீர்கள். சில மாதங்கள் வராமல் இருந்து சேர்ந்து வருவதும் உண்டு.

சான்றிதழ், நகல், புகைப்படம், பஸ் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பெரிய செலவு தங்கை இழந்த கூலிதான். பதினான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. அதனால் ஒரே நாளில் அருகருகே உள்ள இரண்டு அலுவலகங்களை முடிக்கும்படி திட்டமிடுங்கள். கூட வர ஒருவர் இருந்தால் பாதி அலைச்சல் குறையும். வரிசையில் நிற்க, நகல் எடுக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

9. காத்திருக்கும் காலத்தில் கேட்டுப் பார்க்க வேண்டியவை

ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம்.

சம்பாதித்துக்கொண்டிருந்த தாயோ தந்தையோ விபத்தில் இறந்திருந்தால், அல்லது நிரந்தரமாக முடங்கியிருந்தால், அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைக்கு 75,000 ரூபாய் வைப்புத் தொகையாகத் தரும் திட்டம் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பல குடும்பங்களுக்கு இது தெரியவே தெரியாது.

2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் கைவிட்டுப் போனாலோ, சிறையில் இருந்தாலோ, கடும் நோயில் இருந்தாலோ அந்தக் குழந்தைகளுக்கும் உரியது. உங்கள் குழந்தையை எந்தத் திட்டத்தில் பதிவு செய்கிறார்கள் என்று பாதுகாப்பு அலகிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. பணம் வரத் தொடங்கிய பிறகு

பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போக வேண்டும். நீண்ட நாள் விடுப்பு விழுந்தால் உதவி நின்றுபோகலாம். காய்ச்சல் போன்ற காரணமாக இருந்தால் மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதேபோல, குழந்தையை அரசு விடுதியில் சேர்த்தால் இந்த உதவி நிறுத்தப்படும். விடுதியில் இடம் கிடைக்கிறதே என்று அவசரப்பட்டுச் சேர்க்கும் முன் பாதுகாப்பு அலகில் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் வைத்துக்கொள்ள உண்மையிலேயே வழியில்லை, சில காலம் இல்லத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நிலை வந்தாலும், தெரிந்தவர் சொன்னார் என்று நேரே கொண்டுபோய் விடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற இல்லமா என்று கேளுங்கள். சேர்க்கை நலக்குழுவின் உத்தரவோடு நடக்கட்டும். அந்த உத்தரவு இருந்தால் பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதற்குக் கணக்கு இருக்கும், திரும்ப அழைத்துவரவும் வழி இருக்கும்.

வீடு மாறினாலோ, பள்ளி மாறினாலோ, தொலைபேசி எண் மாறினாலோ எழுத்தில் தெரிவியுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புதிய வகுப்புக்கான படிப்புச் சான்றை வாங்கி, வருமானச் சான்றிதழையும் புதுப்பித்து, அவர்கள் கேட்கும் முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். தங்கை இதற்கென்று ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருக்கிறாள். அது இப்போது பையனின் பள்ளிப் பைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.